வயிற்றில் "மருந்து" இருக்கிறதா?



வயிற்றைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சாமியைப்பற்றியும் சாஸ்திரத்தைப்பற்றியும் நாலு சூடான வார்த்தை கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் நம் ஜனங்களின் மூடநம்பிக்கை கோயிலில் மாத்திரம் குடியிருக்கவில்லை. அது அடுப்பங்கரையிலும் இருக்கிறது, சோற்றுக் கலத்திலும் இருக்கிறது, வயிற்றுக்குள்ளேயும் இருக்கிறது. வயிற்றுக்குள் இருப்பதை வெளியே எடுப்பது கஷ்டமான காரியம் என்பதால்தான் இன்று அதைப்பற்றிப் பேச வந்தோம்.

ஒரு குடும்பத்தில் ஒருவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துபோகிறது. குமட்டுகிறது, முந்தின நாள் தின்றது மறுநாள் வாந்தியாக வருகிறது, மேல் வயிற்றில் கை வைத்தால் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, ஆள் நாளுக்கு நாள் இளைக்கிறான். உடனே வீட்டுப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். என்ன முடிவு? "இவனுக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்பதுதான். யார் வைத்தார்கள்? எதிரி வைத்தான், பங்காளி வைத்தான் என்று ஆண்பிள்ளையைச் சொல்லுவது அபூர்வம். சோறு போடுகிறவள் யாரோ அவள்தான் குற்றவாளி. புருஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள பெண்டாட்டி வைத்தாள் என்பார்கள். அவள் இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கிற விதவை நாத்தனார். அவளும் இல்லாவிட்டால் அடுத்த தெருவில் ஒருத்தி. இந்த நாட்டில் ஒரு பெண் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே, கை நீட்டி ஒரு பொருளைத் தொடாமலே, கொலைகாரியாகிவிட முடியும்.

பிறகு மருந்து எடுக்கிறவனிடம் போகிறார்கள். அவன் வயிற்றின்மேல் ஒரு குழலை வைத்து உறிஞ்சுகிறான். அல்லது எதையோ குடிக்கக்கொடுத்து வாந்தியெடுக்கவைக்கிறான். கடைசியில் மயிரும் அழுக்கும் சவ்வும் கலந்த ஒரு சிறு உருண்டையைத் தட்டில் துப்பிக் காட்டுகிறான். பார்த்தவர்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். பணம் கைமாறுகிறது. நோயாளிக்கு நோய் போயிற்றோ இல்லையோ, வீட்டுப் பெண்ணின் மானம் அன்றோடு போய்விடுகிறது.

இதில் யோசிக்கவேண்டியது என்ன? குழலை வைத்தது வயிற்றுத் தோலின்மேல். தோலுக்கு அடியில் கொழுப்பு, அதற்கு அடியில் தசை, அதற்கும் அடியில் ஒரு சவ்வு, அதற்குப் பிறகு இரைப்பையின் சுவர். இத்தனையையும் தாண்டி ஓர் உருண்டை குழலுக்குள் வந்தது என்றால் வந்த வழி எங்கே? துவாரம் எங்கே? ஒரு சொட்டு இரத்தமாவது வேண்டாமா? உருண்டை இருந்த இடம் நோயாளியின் வயிறல்ல, எடுக்கிறவனுடைய கன்னம் என்பதைத் தவிர வேறு என்ன சமாதானம் சொல்லமுடியும்? குழல் வைப்பதற்கு முன் அவன் வாயை நன்றாகக் கொப்புளிக்கச் சொல்லி, விரல் விட்டுப் பார்க்கச் சம்மதிக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள். "தெய்வக் குற்றம்" என்று ஆரம்பித்துவிடுவான்.

ஆனால், தோழர்களே, மருந்து வைப்பது பொய் என்பதற்காக அந்த மனிதன் வயிற்றில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லிவிடமுடியாது. பகுத்தறிவுக்காரன் பேயை இல்லை என்று சொல்லிவிட்டுக் காய்ச்சலையும் இல்லை என்று சொல்லுவானேயானால் அவனும் ஒரு மந்திரவாதிதான். சில சமயங்களில் இரைப்பைக்குள் நிஜமாகவே ஒரு கட்டி இருக்கிறது. அது சதை வளர்ந்த கட்டியுமல்ல, யாரும் வைத்த மருந்துமல்ல. நாம் தின்றதில் ஜீரணமாகாத சக்கை வெளியே போக முடியாமல் தங்கி, ஒன்றோடொன்று பின்னி, இறுகிக் கல்லுப்போல் ஆனது. இதற்குப் பெசோவார் என்று வைத்தியர்கள் பெயர் சொல்லுகிறார்கள். காய்கனி நாரால் ஆனது ஒருவகை; மயிரால் ஆனது ஒருவகை; கரையாத மாத்திரைகள் சேர்ந்து ஆனது ஒருவகை; குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கெட்டிப்பட்டு உண்டாவது ஒருவகை.

இந்தப் பெயருக்கே ஒரு வேடிக்கையான கதை உண்டு. பாரசீக மொழியில் இதற்கு "விஷமுறி" என்று அர்த்தம். ஆட்டின் வயிற்றிலும் மான் வகைகளின் வயிற்றிலும் இப்படி உண்டாகும் கல்லை எந்த விஷத்தையும் முறிக்கும் அற்புதப் பொருளென்று அரசர்கள் பொன்கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள். மனிதன் வயிற்றில் இருந்தால் சாபம்; ஆட்டின் வயிற்றில் இருந்தால் வரம்! நம் நாட்டுக் கோவாவில் 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிகள் இதற்குப் போலிக் கல்லே செய்தார்கள். கஸ்தூரி, முத்து, இன்னும் என்னென்னவோ சேர்த்து அரைத்து உருட்டி, மேலே பொன்முலாம் பூசிச் சீமைக்கு அனுப்பினார்கள். அங்கே பிரபுக்கள் அதைச் சுரண்டி நீரில் கலக்கிக் குடித்தார்கள். அதை வைக்கச் செய்த பொற்கூடுகளை இன்றும் பெரிய கண்காட்சிச்சாலைகளில் காணலாம். கூடு மட்டும் அழகாகத்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1603-ல் ஒரு வழக்கு. பொற்கொல்லன் ஒருவன் 100 பவுனுக்கு ஒரு கல்லை விற்றான். அது பெசோவாரே அல்ல என்று வாங்கினவன் நீதிமன்றம் போனான். நீதிபதிகள் என்ன சொன்னார்கள்? "பெசோவார் என்று அவன் சொன்னான், ஆனால் உறுதி கொடுக்கவில்லை, ஆகவே குற்றமில்லை" என்று தள்ளிவிட்டார்கள். வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாயிருக்கவேண்டும் என்பதற்கு இந்த வழக்கைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தக் கல்லைப் பரீட்சை செய்து பார்க்கலாம் என்று துணிந்தவர் அம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சு ரண வைத்தியர். அவர் லத்தீன் படித்த பண்டிதரல்ல. சவரக்கடையில் தொழில் கற்று, யுத்தகளத்தில் காயங்கட்டி முன்னுக்கு வந்தவர். 1560-களில், அரசன் ஒன்பதாம் சார்லஸ் தன்னிடமிருந்த பெசோவார் கல்லைக் காட்டிப் பெருமையடித்தபோது, "எல்லா விஷத்தையும் முறிக்கும் ஒரே மருந்து இருக்கமுடியாது, ஒவ்வொரு விஷத்தின் வேலையும் வேறு" என்று அரசன் முகத்துக்கு நேரே சொன்னார். பரீட்சைக்கு அரசன் யாரைப் பிடித்தான் தெரியுமா? எஜமானனுடைய இரண்டு வெள்ளித் தட்டுகளைத் திருடியதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு சமையற்காரனை! விஷம் குடித்துக் கல்லால் பிழைத்தால் விடுதலை என்றார்கள். அவனும் சரியென்றான். விஷத்தைக் கொடுத்தார்கள், கல்லைக் கொடுத்தார்கள். அந்த ஏழை நாலு காலில் மிருகம்போல் தவழ்ந்து, வாயிலும் மூக்கிலும் இரத்தம் வழிய, ஏழு மணி நேரம்போல் துடித்துச் செத்தான். பாரே அவன் வயிற்றைத் திறந்து பார்த்தார்; உள்ளெல்லாம் வெந்து கருகியிருந்தது. அரசன் கல்லை நெருப்பில் போடச் சொன்னான். பாரே சொன்னது மெய்யாயிற்று. ஆனாலும், கல்லில் அத்தனை நம்பிக்கையிருந்த அரசன் விஷத்தைத் தானே குடித்துப் பார்த்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றாமலில்லை.

சரி, கல்லின் கதை போதும். அது மனிதன் வயிற்றில் ஏன் உண்டாகிறது?

இரைப்பை ஓர் அரைவை இயந்திரம்போல் வேலை செய்கிறது. திட உணவைச் சில மணி நேரத்தில் கூழாக்கிக் குடலுக்குத் தள்ளிவிடும். ஆகவே, நாலு வருஷத்துக்குமுன் விருந்தில் வைத்த மருந்து அப்படியே வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது நடவாத காரியம். ஒருநாள் ஒரு வேளை தின்றது தங்குவதில்லை. இரைப்பையின் இயக்கம் கெட்டவனுக்கு நாள்தோறும் தின்பதில் சக்கை கொஞ்சங்கொஞ்சமாகச் சேருகிறது. நெடுநாள் நீரிழிவுக்காரர்களுக்கு இரைப்பையின் நரம்புகள் தளர்ந்து இயக்கம் குறைகிறது. முன்னே புண்ணுக்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அமிலமும் குறைவு, அரைக்கும் சக்தியும் குறைவு. பல் போன கிழவர்கள் மெல்லாமல் விழுங்குகிறார்கள். பெசோவார் பெரும்பாலும் இவர்களைத்தான் பிடிக்கிறது. இவர்கள் பெண்டாட்டிமார் யாரும் இதில் சம்பந்தப்படவில்லை.

இதில் மகா கெட்டியானது ஒன்று உண்டு. ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் நிறையத் தின்னும் பெர்சிமன் என்னும் பழத்தால் உண்டாவது. நம் பனிச்சை மரத்துக்கும் கருங்காலிக்கும் அது பங்காளி. பனிச்சங்காயின் துவர்ப்புப் பாலை நம் செம்படவர்கள் வலைக்கும் படகுக்கும் பூசுவார்களே, அது காய்ந்தால் தண்ணீரில் கரைகிறதா? கரைவதில்லை. அதேபோலத்தான், பழுக்காத பெர்சிமனில் உள்ள துவர்ப்புச் சத்து இரைப்பை அமிலம் பட்டதும் பிசினாகத் திரண்டு, நாரையெல்லாம் சேர்த்துக் கட்டிவிடுகிறது. வெறும் வயிற்றில் அதை நிறையத் தின்பது ஆபத்து என்று அந்த நாட்டார் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

முற்காலத்தில் இதற்கு வயிற்றைக் கிழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1883-ல் ஷோன்பார்ன் என்ற ஜெர்மானிய ரண வைத்தியர் மயிர்க்கட்டி ஒன்றை அப்படி எடுத்தார். பிறகு, 1957-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் மெல்லிய கண்ணாடி இழைகளைச் சேர்த்து, வளைகிற உள்நோக்குக் குழாயைச் செய்தார். அதை முதலில் யார் தொண்டைக்குள் விட்டார் தெரியுமா? தன் தொண்டைக்குள்ளேயே விட்டுக்கொண்டார். சமையற்காரனைத் தேடவில்லை. 1972-ல் இந்த வழியாகவே ஒரு நார்க்கட்டியை எடுத்ததாக வைத்தியப் பத்திரிகையில் வந்துவிட்டது. குழாயின் வழியே கம்பி வளையத்தையும் கொறட்டையும் விட்டு, கட்டியைத் துண்டு துண்டாக அறுத்து, சிறியதைக் குடல் வழியே போகவிட்டு, பெரியதை வாய் வழியே எடுக்கிறார்கள். எத்தனை பேர் இதைக் கவனித்தீர்களோ தெரியாது: இவ்வளவு கருவி வைத்திருக்கும் டாக்டரே முஷ்டியளவு கட்டியை முழுசாக வாய் வழியே எடுக்க முடியாமல் உடைத்து எடுக்கும்போது, மருந்து எடுக்கிறவன் ஒரே உறிஞ்சில் எடுத்துவிடுகிறானாம்!

உடைப்பதற்கு முன் கரைத்துப் பார்ப்பது ஒரு வழி. இதற்குப் பல பொருள்களைப் பரீட்சித்தார்கள். ஒன்று பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் சத்து. ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவது நம் தாய்மார்கள் அறிந்ததுதான். கறியை மசியவைக்கிற பொருள் கட்டியையும் மசியவைக்காதா என்று அமெரிக்கர்கள் கறி மசிக்கும் பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள். சிலருக்குக் கட்டி கரையவும் செய்தது. ஆனால் இரைப்பையும் உணவுக்குழலும் கறிதானே? புண்ணும் ஓட்டையும் விழுந்தவர்கள் உண்டு. அந்தப் பொடியில் இருந்த உப்பினால் இரத்தத்தில் உப்பு ஏறி ஆபத்தானவர்களும் உண்டு. ஆகவே வைத்தியர்கள் அதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். இயற்கைப் பொருள், கெடுதி செய்யாது என்று சொல்லுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். நாரைக் கரைக்கும் செல்லுலேஸ் என்ற பொருளும் உபயோகத்தில் இருக்கிறது; அதில் கெடுதல் குறைவு.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, கடையில் விற்கும் கோக்கோ கோலா. 2002-ல் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் வைத்தியர்கள் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டு, 12 மணி நேரத்தில் 3 லிட்டர் கோலாவை விட்டுக் கழுவினார்கள். ஐவருக்கும் கட்டி கரைந்தது. வைத்தியப் பத்திரிகைகளில் வந்த 46 நோயாளிகளின் விவரங்களை 2013-ல் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்குக் கோலா மாத்திரமே போதுமானதாயிருந்தது. கோலாவினால் இளகினதை உள்நோக்குக் குழாயால் உடைத்தவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு 91 பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை. பெர்சிமன் கட்டி மட்டும் கோலாவுக்கு மட்டும் லேசில் மசிவதில்லை. இளகின பிறகு உடைக்கவே வேண்டியிருக்கிறது.

இது எப்படி வேலை செய்கிறது? அதில் உள்ள அமிலம் இரைப்பை அமிலத்தைப்போல் வேலை செய்கிறது. அதன் காற்றுக் குமிழிகள் நாரின் இடுக்குகளில் புகுந்து கட்டைத் தளர்த்துகின்றன. நாரைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சளியும் இளகுகிறது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். 1886-ல் அட்லாண்டா நகரத்து மருந்துக் கடைக்காரர் பெம்பர்ட்டன் இந்தப் பானத்தைச் செய்தபோது தலைவலிக்கும் நரம்புக்கும் நல்லது என்று சொல்லித்தான் விற்றார். அவர் சொன்னதற்கெல்லாம் அது உதவவில்லை. அவர் சொல்லாத ஒன்றுக்கு உதவுகிறது. விற்கிறவன் சொல்லை நம்பியும் இது தெரியவரவில்லை, வேதத்தில் தேடியும் தெரியவரவில்லை. நோயாளியின் வயிற்றில் முன்னும் பின்னும் குழாய்விட்டுப் பார்த்ததால் தெரியவந்தது.

மயிர்க்கட்டியைப்பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இது பெரும்பாலும் சிறு பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் வருகிறது. மனக்கஷ்டத்தினாலோ ஒருவிதமான மனநோயினாலோ தங்கள் மயிரைத் தாங்களே பிடுங்கித் தின்கிறார்கள். மயிர் இரைப்பை அமிலத்துக்குக் கரைவதில்லை. வருஷக்கணக்கில் சேர்ந்து, இரைப்பையின் வடிவத்திலேயே வார்த்ததுபோல் நிறைந்து, சிலருக்கு வால்போல் குடலுக்குள்ளும் நீண்டுவிடுகிறது. நீண்ட கூந்தல் பெண் ஒருத்தியைப் பற்றிய ஜெர்மன் கதையை வைத்து, 1968-ல் இதற்கு ராபுன்ஸல் நோய் என்று பெயரிட்டார்கள். இதற்குக் கோலாவும் உதவாது, உள்நோக்குக் குழாயும் பெரும்பாலும் உதவாது, ஆபரேஷன்தான். கத்தியில்லா வைத்தியத்தைப் பற்றிப் பேசவந்த நாம் கத்தி வேண்டிய இடத்தை மறைத்தால் அது வைத்தியமல்ல, விளம்பரம். கட்டியை எடுத்தபின் அந்தப் பெண்ணின் மனத்துக்கும் வைத்தியம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் வரும். நம் ஊரில் மயிரைப் பிடுங்குகிற பெண்ணை என்ன செய்கிறார்கள்? பேய் பிடித்தது என்று அதே மயிரை ஆணியில் சுற்றி மரத்தில் அறைகிறார்கள். அவள் எதற்காக அழுகிறாள் என்று கேட்பாரில்லை.

நேரமாகிவிட்டது. தோழர்கள் சில சீட்டுகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தோழர், "அப்படியானால் வயிற்று வலிக்கு வீட்டிலேயே கோலா வாங்கிக் குடிக்கலாமா?" என்று கேட்கிறார். கூடாது. வயிற்றில் தட்டுப்படுவது நார்க்கட்டிதானா, புற்றா, புண்ணா என்று குழாய்விட்டுப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. நார்க்கட்டியேயானாலும், பாதி கரைந்த துண்டு இரைப்பையிலிருந்து நழுவிச் சிறுகுடலில் போய் அடைத்துக்கொண்டால் அப்போது அவசர ஆபரேஷன் வேண்டியதாகும். இப்படி நடந்திருக்கிறது. மேலும் நீரிழிவுக்காரருக்கு 3 லிட்டர் சர்க்கரைத் தண்ணீர் எதற்கு ஆகும்? சர்க்கரையில்லாத கோலாவைக்கொண்டும் ஆஸ்பத்திரிகளில் செய்திருக்கிறார்கள். அதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு தோழர் கோரோசனையும் பெசோவாரும் ஒன்றா என்று கேட்கிறார். அல்ல. கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல்; பெசோவார் இரைப்பைக் கல். ஆனால் மிருகத்தின் நோயை மனிதனுக்கு மருந்தாக்குகிற புத்தி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு முதியவர் தமக்கு நீரிழிவு இருப்பதாகவும் பல் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, பல் கட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ஆரஞ்சு தின்றால் சுளைமேல் உள்ள தோலையும் நாரையும் எடுத்துவிட்டுத் தின்னுங்கள். காய்களைக் குழைய வேகவைத்துச் சிறிது சிறிதாக உண்ணுங்கள். இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசிச் சீட்டில் கையெழுத்தில்லை. வயிற்றில் மருந்து வைத்தாள் என்று ஒரு மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்ததில் கிடைத்தது நார்க்கட்டியாம். இப்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். உள்நோக்குக் குழாய் வழியாக எடுத்த படத்தை ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு, அவள்மீது பழி சொன்னவர்கள் அத்தனை பேரும், முக்கியமாக மாமியாரும் புருஷனும், அவள் பிறந்த ஊருக்குப் போகட்டும். அந்தத் தெருவாருக்கெல்லாம் படத்தைக் காட்டட்டும். வருவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் சொல்லட்டும்.